ஒன்பதேகால் அங்குலக் காலுக்கு எத்தனையாம் நம்பர் ஷூ?

தென்மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் தையற்கடை வைத்திருக்கும் ஒரு அம்மா நாலு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 53. சர்க்கரை நோய் வந்து 11 வருடம். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டதால் அவற்றை விட்டுவிட்டு மற்றதைச் சுருக்கிச் சொல்கிறேன்.

தினமும் அரை மணி நேரம் நடக்க வேண்டும், வார்ச்செருப்பு வேண்டாம், ஷூ போட்டுக்கொண்டு நடங்கள் என்று உள்ளூர் மருத்துவர் சொல்லியிருக்கிறார். பெங்களூரில் வேலை பார்க்கும் மகள், "காலை அளந்து சொல்லும்மா, நான் ஆன்லைனில் போட்டுவிடுகிறேன்" என்றிருக்கிறார். இவரும் காலையில் கடை திறந்த கையோடு, மெஷின் ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, இஞ்ச் டேப்பைப் பாதத்துக்கு அடியில் கொடுத்து வலது காலை அளந்திருக்கிறார். ஒன்பதேகால் அங்குலம், அதாவது 23.5 செ.மீ. கம்பெனி அட்டவணை அதற்கு 4-ம் நம்பர் என்கிறது. ஆனால் இவர் கல்யாணமான நாளிலிருந்து 5-ம் நம்பர் செருப்புதான் போடுகிறார். சரி, பழைய நம்பரே இருக்கட்டும் என்று 5 வாங்கினால் பக்கவாட்டில் பிடிக்கிறது. திருப்பி அனுப்பி 6 வாங்கினார். அதில் குதிகால் கழன்று கழன்று வருகிறது, விரல் பக்கம் இன்னமும் பிடிப்பாகவே இருக்கிறது. ரவிக்கைக்கு வைக்கும் ஸ்பாஞ்சை வெட்டி முன்பக்கம் அடைத்துக்கொண்டு பத்து நாள் நடந்திருக்கிறார். நடுவில் வேறொரு கம்பெனியின் 5-ஐயும் வரவழைத்துப் பார்த்தாராம், அது முதல் 5-ஐவிடச் சின்னதாக இருந்ததாம்.

பதினோராம் நாள் சாக்ஸைத் துவைக்கப் போடும்போது இடது சுண்டுவிரல் பக்கம் ரத்தக் கறை. பார்த்தால் கொப்புளம் உடைந்து புண்ணாகியிருக்கிறது. "வலிக்கவே இல்லை டாக்டர்" என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார். போகப் போக ஷூ விட்டுக்கொடுக்கும், ராத்திரி முழுக்க ஈரத்துணியை உள்ளே அடைத்து வையுங்கள் என்பது பக்கத்துக் கடைக்காரர் யோசனை. கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் நாலு கேள்விகள். வீட்டில் காலை எப்படிச் சரியாக அளப்பது, ஒரே நம்பர் கம்பெனிக்குக் கம்பெனி ஏன் மாறுகிறது, இந்த ஷூவைத் திருப்பித் தர முடியுமா, அப்புறம் ஷூவே தேவையா. கடைசிக் கேள்விக்கு ஒரு காரணமும் சொல்கிறார்: "போன பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் வெறுங்காலில் கிரிவலம் போய் வந்தேன், துளி வலி இல்லை. எத்தனையோ பேருக்கு அளவெடுத்துத் தைத்துக் கொடுத்தவள் நான், என் கால் அளவா தப்பாகும்?"

அம்மா, அளவைப் பிறகு பேசுவோம், முதலில் அந்தச் சுண்டுவிரல். நீங்கள் கடிதத்தைத் தபாலில் போட்டு இது என் கைக்கு வர ஒரு வாரம் ஆகியிருக்கிறது. புண்ணை இன்னும் யாரிடமும் காட்டவில்லை என்றால் நாளைக்கே காட்டுங்கள். அந்த ஷூவைத் தொடவே வேண்டாம், அதுவரை நடைப்பயிற்சியும் வேண்டாம். மஞ்சள் அரைத்துப் பூசுவது, மெடிக்கல் கடையில் கால் ஆணிக்கு விற்கும் ஒட்டுப் பட்டையை ஒட்டுவது, இரண்டையும் செய்துவிடாதீர்கள். அந்தப் பட்டையில் இருக்கும் அமிலம் நல்ல தோலையும் அரித்துவிடும். சர்க்கரை உள்ளவர் காலில் அது புண்ணுக்கு மேல் புண். புண்ணைச் சுற்றிச் சிவந்தோ வீங்கியோ இருந்தாலும், வாடை வந்தாலும், காய்ச்சல் அடித்தாலும் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.

வலிக்கவில்லை என்கிறீர்களே

கிரிவலத்தை நீங்கள் பெருமையாக எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் எனக்குப் பகீரென்றது. 14 கிலோமீட்டர் தார் ரோட்டிலும் சிமெண்ட் தரையிலும் வெறுங்காலில் நடந்தால் யாருக்கும் உள்ளங்கால் கொஞ்சமாவது காந்த வேண்டும். கொப்புளம் உடைந்து ரத்தம் வருகிற அளவுக்குத் தோல் உரசினால், நல்ல காலாக இருந்தால் அரை கிலோமீட்டரில் ஷூவைக் கழற்றி வீசியிருப்பீர்கள். உங்கள் காலுக்கு இரண்டும் தெரியவில்லை. இதைக் காலின் கெட்டித்தனம் என்று நினைக்கிறீர்கள். 11 வருடச் சர்க்கரையில் பாதத்து நரம்புகள் மரத்துப்போகத் தொடங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பார்க்காமல் முடிவாகச் சொல்ல முடியாது. செருப்பு கழன்று விழுந்ததே தெரியாமல் பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு வரை நடந்து வந்தவர்களை என் கிளினிக்கில் பார்க்கிறேன். அவர்களும் ஆரம்பத்தில் என் கால் கல்லு மாதிரி டாக்டர் என்றுதான் சொன்னார்கள்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய ஸ்கேன் ஒன்றும் வேண்டாம். மோனோஃபிலமெண்ட் என்று ஒரு நைலான் நரம்பு இருக்கிறது. 10 கிராம் அழுத்தம் பட்டால் வளையும்படி செய்தது. கண்ணை மூடச் சொல்லி அதை உள்ளங்காலில் அங்கங்கே தொட்டுப் பார்ப்போம். தொடுவது தெரிகிறதா இல்லையா, அவ்வளவுதான் சோதனை. அதோடு இசைக்கவை ஒன்றை அதிரவைத்துக் கட்டைவிரல் எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று பார்ப்போம். ஐந்து நிமிட வேலை. சர்க்கரை உள்ள எல்லாரும் வருடம் ஒருமுறை இதைச் செய்துகொள்ள வேண்டும். புண்ணைக் காட்டப் போகும்போதே இதையும் கேட்டு வாங்குங்கள்.

இதை இவ்வளவு நீட்டிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஊரில் எல்லாரும் ஷூவை எப்படி வாங்குகிறோம்? மாட்டிப் பார்க்கிறோம், நாலடி நடக்கிறோம், பிடிக்கிறதா பிடிக்கவில்லையா என்று காலைக் கேட்கிறோம். மரத்துப்போன காலிடம் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. அது தப்பாகத்தான் பதில் சொல்லும். நன்றாகப் பிடித்த ஷூதான் அந்தக் காலுக்குக் கொஞ்சமாவது தெரியும், அதனால் இறுக்கமான ஷூவையே "இதுதான் சரியாக உட்காருகிறது" என்று தேர்ந்தெடுப்பவர்கள் நிறைய. உங்களுக்குத் தாளும் ஸ்கேலும் சொல்வதுதான் தீர்ப்பு. மற்றவர்களுக்கு அளவு ஒரு வசதி, உங்களுக்கு அது மருந்து மாதிரி.

உங்கள் அளவில் எங்கே பிசகியது

தையற்காரரிடம் அளவெடுப்பது பற்றிப் பேசக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன், உங்கள் தொழிலை வைத்தே சொல்கிறேன்.

உட்கார்ந்து அளந்தீர்கள். உட்கார்ந்திருக்கும்போது பாதத்தில் உடம்பின் பாரம் இல்லை, வளைவு தூக்கிக்கொண்டு நிற்கும். எழுந்து நின்றால் அந்த வளைவு தாழ்ந்து, பாதம் சில மில்லிமீட்டர் நீளும், அகலமும் ஆகும். ஷூ போட்டுக்கொண்டு நடக்கத்தானே போகிறீர்கள்? மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நிற்கிற பெண்ணுக்கு மார்பளவு எடுப்பீர்களா?

காலையில் அளந்தீர்கள். நாள் முழுக்க மெஷினில் காலைத் தொங்கப்போட்டு வேலை செய்கிறவருக்குச் சாயங்காலம் பாதம் உப்பும். வலது காலை மட்டும் அளந்தீர்கள், புண் வந்தது இடது காலில். இரண்டு கால்களும் ஒரே அளவாக இருப்பவர்கள் குறைவு. நிறையப் பேருக்கு ஒன்று கொஞ்சம் பெரிதாகவே இருக்கும். பெரிய காலுக்குத்தான் ஷூ வாங்க வேண்டும், சின்னக் காலுக்கு வேண்டுமானால் ஒரு மெல்லிய இன்சோல் கூடுதலாகப் போட்டுக்கொள்ளலாம்.

நாலாவது இஞ்ச் டேப். அது உடம்பைச் சுற்றி அளக்கச் செய்த சாமான். பாதத்துக்கு அடியில் கொடுத்தால் வளைவில் சுருண்டுகொள்ளும், குதிகாலின் பின்பக்கம் எங்கே முடிகிறது என்று கண்ணால் குத்துமதிப்பாகத்தான் பார்க்க முடியும். போதாததற்கு, வருடக்கணக்காகக் கழுத்தில் கிடக்கும் டேப் இழுபட்டு நீண்டிருக்கும். அது என்னைவிட உங்களுக்குத் தெரியும்.

பழைய செருப்பின் நம்பரை நம்பியதும் ஒரு பிசகுதான், ஆனால் அதில் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். அளவு ரவிக்கை கொடுத்துத் தைக்கச் சொல்பவர்கள் மாதிரிதான் இது. பத்து வருடத்துக்கு முந்திய ரவிக்கையைக் கொண்டுவந்து இதே அளவுக்குத் தைத்துக் கொடுங்கள் என்றால் என்ன சொல்வீர்கள்? கால் இருபது வயதோடு நின்றுவிடுவதில்லை. பிள்ளை பெற்றபோது சிலருக்குப் பாதம் நீண்டு அப்படியே நின்றுவிடும். வயதாக ஆகத் தசைநார் தளர்ந்து பாதம் பரவும். போதாக்குறைக்குத் திறந்த செருப்பில் சுண்டுவிரல் வெளியே வழிந்தாலும் யாரும் கண்டுகொள்வதில்லை. எனக்கே நான் 8 என்ற நினைப்பு கல்லூரிக் காலத்திலிருந்து இருந்தது. நாற்பது வயதில் ஒரு நாள் அளந்து பார்த்தால் 9.

வீட்டில் அளக்கும் முறை

புண் ஆறி, கட்டு அவிழ்ந்த பிறகு செய்யுங்கள். சாயங்காலம் கடை அடைத்ததும். ஷூவுக்குப் போடப்போகும் அதே சாக்ஸைப் போட்டுக்கொள்ளுங்கள். கூட ஒருவர் வேண்டும், உங்கள் வீட்டுக்காரரைக் கூப்பிடுங்கள். நீங்களே குனிந்து கோடு போட்டால் உடம்பு முன்னால் சாய்ந்து, பாரம் விரல்களுக்குப் போய், அளவு மாறிவிடும்.

ஒரு ஏ4 தாளை எடுத்து, அதன் குட்டைப் பக்கம் சுவரில் முட்டும்படி தரையில் வைத்து டேப் போட்டு ஒட்டுங்கள். சுவரடியில் டைல்ஸ் பதித்திருந்தால் நல்லதுதான், அது நேராக இருக்கும், தாளும் குதிகாலும் அதிலேயே முட்டட்டும். மூலையில் சிமெண்ட் உருண்டு கிடக்கும் சுவர் வேண்டாம். குதிகால் சுவரைத் தொட, இரண்டு காலிலும் சமமாகப் பாரம் போட்டு, நேரே பார்த்துக்கொண்டு நில்லுங்கள். முதுகைச் சுவரில் சாய்க்க வேண்டாம். இப்போது உங்கள் வீட்டுக்காரர் ஒரு கனமான புத்தகத்தை, அல்லது சதுரமான டப்பா ஒன்றை, செங்குத்தாக நிறுத்தி, முன்னாலிருந்து நகர்த்திக்கொண்டு வந்து விரல் நுனியில் மெதுவாக முட்ட வைத்து, அதன் அடியில் கோடு போட வேண்டும். எல்லாருக்கும் கட்டைவிரல்தான் நீளம் என்று நினைக்காதீர்கள், சிலருக்கு இரண்டாவது விரல் நீண்டிருக்கும். எது நீளமோ அதில் முட்டட்டும். தாளின் ஓரத்திலிருந்து கோடு வரை உள்ள தூரம்தான் பாத நீளம்.

பென்சிலால் பாதத்தைச் சுற்றி வரைந்து அதை அளப்பதைத்தான் பலர் செய்கிறார்கள், மகளும் அதைத்தான் சொல்லிக் கொடுப்பார். நான் அதை விரும்புவதில்லை. சாதாரணப் பென்சில் 7 மி.மீ. தடிமன், முனை நடுவில் இருக்கிறது. நேராகப் பிடித்தாலே கோடு பாதத்திலிருந்து மூன்றரை மி.மீ. தள்ளித்தான் விழும். முன்னால் ஒரு மூன்றரை, பின்னால் ஒரு மூன்றரை, ஆக 7. ஷூவில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசமே எட்டரை மி.மீ.தான் என்னும்போது இது கிட்டத்தட்ட ஒரு நம்பர் பிழை. பென்சிலை உள்பக்கமாகச் சாய்த்துவிட்டால் கோடு பாதத்துக்கு அடியில் போய், தப்பு வேறு பக்கம் திரும்பும்.

அளக்க ஸ்டீல் ஸ்கேல் எடுங்கள். பள்ளிக்கூடப் பிளாஸ்டிக் ஸ்கேலில் பூஜ்யம் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளித் தொடங்கும், அதைக் கவனிக்காமல் ஓரத்திலிருந்து வைத்து அளப்பவர்கள் உண்டு. ஸ்கேல் சரியா என்று சந்தேகம் வந்தால் அந்த ஏ4 தாளையே அளந்து பாருங்கள், நீளம் 297 மி.மீ., அகலம் 210 மி.மீ. இருக்க வேண்டும்.

அகலத்துக்கு: கட்டைவிரலின் அடியில் உள்பக்கம் ஓர் எலும்பு புடைத்திருக்கும், சுண்டுவிரலின் அடியில் வெளிப்பக்கம் இன்னொன்று. ஸ்கேலைச் செங்குத்தாக நிறுத்தி அந்த இரண்டு இடத்திலும் தாளில் புள்ளி வைத்து, இடைவெளியை அளந்துகொள்ளுங்கள். இப்போது உங்கள் இஞ்ச் டேப்புக்கு வேலை வருகிறது. அதே இரண்டு எலும்புகளின் மேல் போகும்படி, நின்ற நிலையிலேயே, பாதத்தைச் சுற்றி ஒரு சுற்றளவு எடுங்கள். இறுக்க வேண்டாம், தொங்கவும் வேண்டாம். புது டேப்பாக இருக்கட்டும். இதே மாதிரி அடுத்த கால்.

பெரிய ஷூ கடைகள் சிலவற்றில் சறுக்கும் பட்டைகளோடு ஓர் உலோகத் தட்டு வைத்திருப்பார்கள். பிரானக் கருவி என்று பெயர். 1920-களில் அமெரிக்காவின் சைரக்யூஸ் நகரில் சார்லஸ் பிரானக் என்பவர் உருவாக்கியது. அது நீளம், அகலம் தவிர மூன்றாவதாக ஒன்றையும் அளக்கும்: குதிகாலிலிருந்து கட்டைவிரல் அடி எலும்பு வரை உள்ள தூரம். ரவிக்கையின் மொத்த உயரம் சரியாக இருந்தும் டார்ட் பாயிண்ட், அதாவது மார்புப் பக்கத்து மடிப்புத் தையல் முடிகிற முனை, இடம் மாறிவிட்டால் அது உட்காராது இல்லையா, அதுதான் இதுவும். நடக்கும்போது பாதம் மடங்கும் இடமும் ஷூ மடங்கும் இடமும் ஒன்றாக இருக்க வேண்டும். வீட்டில் இந்த அளவு துல்லியமாக வராது. ஷூ வந்ததும் அதை மடக்கிப் பார்த்துக்கொள்ளலாம்.

அளவு வேறு, நம்பர் வேறு

உடம்பு அளவு வேறு, துணி வெட்டும் அளவு வேறு என்பதை உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. 34 அங்குல மார்புக்கு 34 அங்குலத்தில் வெட்டினால் கொக்கி போட முடியாது. ஷூவிலும் அதேதான். நம்பர் என்பது உங்கள் காலின் அளவு கிடையாது. ஷூவை எந்த அச்சின் மேல் வைத்துச் செய்தார்களோ அந்த அச்சின் அளவு. ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கம் அதை லாஸ்ட் என்பார்கள்.

நம்மூரில் புழங்கும் நம்பர் ஆங்கிலேயக் கணக்கு. மூன்று பார்லி மணிகளை நீளவாக்கில் வைத்தால் ஓர் அங்குலம் என்பது அவர்களின் பழைய அளவு, அந்த ஒரு பார்லி மணி நீளம்தான், அதாவது அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்குதான், இன்றைக்கும் ஒரு நம்பர். குழந்தைகளுக்கு 4 அங்குலத்தைப் பூஜ்யமாக வைத்துத் தொடங்கி 13 வரை போய், மறுபடி பெரியவர்களுக்கு 1 என்று ஆரம்பிப்பார்கள். அந்தக் கணக்கில் 4-ம் நம்பர் அச்சு 9⅔ அங்குலம், 5-ம் நம்பர் சரியாக 10 அங்குலம், 6-ம் நம்பர் 10⅓ அங்குலம். உங்கள் கால் நின்று அளந்தால் ஒன்பதரை வரும் என்று வைத்துக்கொள்வோம். 5-ம் நம்பரில் அரை அங்குலம் லூஸ் கிடைக்கும். நீளமான விரலுக்கு முன்னால் 10 முதல் 12 மி.மீ. இடம் வேண்டும் என்பதுதான் நாங்கள் சொல்வதும். ஆக, நீளத்தில் உங்கள் பழைய 5 ஏறக்குறைய சரியாகவே இருந்திருக்கலாம்! தகராறு வேறு இடத்தில், அதற்கு வருகிறேன்.

ஐரோப்பிய நம்பர் அங்குலத்தில் வராது. அதில் ஒரு நம்பர் மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், அதாவது 6.67 மி.மீ. எட்டரை மி.மீ. படியும் ஆறேமுக்கால் மி.மீ. படியும் எப்படி ஒன்றோடு ஒன்று பொருந்தும்? ஆளாளுக்கு முழுமைப்படுத்தி அட்டவணை போடுகிறார்கள், ஒரு கம்பெனியின் 38 இன்னொரு கம்பெனியில் 39 ஆகிறது. அமெரிக்கப் பெண்கள் நம்பர் நம்முடையதைவிடச் சுமார் இரண்டு கூடுதல், பெட்டியில் 7 என்று பார்த்துப் பயந்துவிட வேண்டாம். செ.மீ. என்று போட்டிருந்தாலும் அது கால் நீளமா, இன்சோல் நீளமா என்று அந்தக் கம்பெனி அட்டவணையில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கால் நீளம் என்றால் அப்படியே பொருத்தலாம், இன்சோல் நீளம் என்றால் அந்த 10–12 மி.மீ.-ஐக் கூட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். இதில்தான் பாதிப் பார்சல்கள் திரும்பிப் போகின்றன என்று நினைக்கிறேன்.

6-ம் நம்பர் ஏன் உதவவில்லை

பக்கவாட்டில் பிடித்தது என்றுதானே 5-ஐத் திருப்பினீர்கள்? இடுப்பில் பிடிக்கும் பாவாடைக்கு நீளத்தைக் கூட்டுவீர்களா? நம்பர் கூடினால் நீளம் எட்டரை மி.மீ. கூடும், அகலம் அதைவிட மிகக் குறைவாகத்தான் கூடும். அதனால் குதிகாலில் இடம் வந்தது, விரலில் வரவில்லை. ஸ்பாஞ்ச் வைத்ததில் முன்னால் இருந்த கொஞ்சநஞ்ச இடமும் போய், கால் உள்ளே முன்னும் பின்னும் வழுக்கி, சுண்டுவிரல் அடிக்கு ஓர் உரசல் வாங்கியிருக்கிறது. பத்து நாள், தினமும் அரை மணி.

உங்களுக்குத் தேவை 5-ம் நம்பரிலேயே, மிஞ்சினால் ஐந்தரையில், அகலமான ஷூ. நடைப்பயிற்சி ஷூக்களில் சில கம்பெனிகள் அகல எழுத்தும் போடுகின்றன. அமெரிக்க முறையில் பெண்களுக்கு பி என்பது சாதாரண அகலம், டி அகலம், 2இ இன்னும் அகலம். ஆண்களுக்கு டி-தான் சாதாரணம், அதனால் நீளம் சரியாக வந்தால் ஆண்கள் ஷூவையே வாங்கிக்கொள்வதில் ஒரு தப்பும் இல்லை, பூப்போட்ட டிசைன் இருக்காது, அவ்வளவுதான். இது உங்கள் ஒருவர் பிரச்சினையும் இல்லை. சென்னை அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் 2021 டிசம்பர் முதல் 2022 மார்ச் வரை நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை முப்பரிமாண ஸ்கேனரில் அளந்தது. இந்தியர் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதங்களைவிட அகலம் என்றுதான் தெரிந்தது. அதை வைத்துத்தான் நமக்கென்று "பா" என்ற புது அளவுமுறையைப் பரிந்துரைத்தார்கள், பாரத் என்பதன் சுருக்கம். வெள்ளைக்காரர் அச்சில் செய்த ஷூ நம் சுண்டுவிரலைப் பிடிப்பதற்குப் பக்கத்துக் கடைக்காரர் சொன்ன ஈரத்துணி வைத்தியம் ஆகாது. தோல் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும் என்பது உண்மை. உங்கள் ஷூ ஒட்டுத்துணியும் ரெக்சினும், அது விட்டுக்கொடுப்பதற்குள் விரல் போய்விடும்.

இன்னொன்று, சொல்லத் தயங்கித்தான் சொல்கிறேன். மெட்டி. திறந்த செருப்பில் அது ஒன்றும் செய்யாது. மூடிய ஷூவில் இரண்டாவது விரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவில் ஒரு உலோகத்தை வைத்து அரை மணி நேரம் அழுத்துவது, அதுவும் மரத்துப்போன காலில், நல்லதில்லை. கால் உப்பும் நாட்களில் மெட்டி இறுகித் தோலை வெட்டியும்விடும். கழற்றவே மாட்டேன் என்றால் உங்கள் விருப்பம், நான் வற்புறுத்தவில்லை. நடக்கும் அரை மணிக்கு மட்டும் கழற்றிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, வந்து போட்டுக்கொள்கிறார்கள் என்னிடம் வரும் சிலர். அளவெடுக்கும்போதும் கழற்றிவிடுங்கள்.

ஷூ வீட்டுக்கு வந்ததும்

சாயங்காலம் பிரியுங்கள். முதலில் உள்ளே இருக்கும் இன்சோலை உருவித் தரையில் போட்டு அதன் மேல் ஏறி நில்லுங்கள். குதிகாலைப் பின் ஓரத்துக்குச் சரியாக வைத்து, விரலுக்கு முன்னால் ஒரு விரல்கடை இடம் இருக்கிறதா, சுண்டுவிரலோ கட்டைவிரல் எலும்போ வெளியே வழிகிறதா என்று வீட்டுக்காரர் பார்க்கட்டும். வழிந்தால் போட்டே பார்க்க வேண்டாம், அப்படியே பெட்டியில் வைத்துத் திருப்பி அனுப்புங்கள். இந்த ஒரு சோதனை உங்கள் காலின் அபிப்பிராயத்தைக் கேட்பதே இல்லை, அதனால்தான் எனக்குப் பிடிக்கும். இரண்டாவது, ஷூவின் முனையைப் பிடித்து மடக்குங்கள். பாதம் மடங்கும் இடத்தில் மடங்க வேண்டும், நடுவில் மடங்கினால் வேண்டாம். மூன்றாவது, கையை உள்ளே விட்டு முன்பக்கம் தையல் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று தடவுங்கள், தையல் பார்க்க உங்களுக்கு நான் சொல்லணுமா.

பிறகு வீட்டு டைல்ஸ் தரையில் மட்டும் ஒரு மணி நேரம் போட்டிருந்து கழற்றிப் பாருங்கள். சிவந்த தடம் இருந்து, அரை மணி கழிந்தும் மறையவில்லை என்றால் அந்த ஷூ உங்களுக்கு ஆகாது. உள்ளங்காலைப் பார்க்கக் கண்ணாடியைத் தரையில் வைத்துக்கொள்ளலாம். தெருவில் இறக்காமல் இருந்தால் திருப்பிக் கொடுப்பதும் சுலபம்.

இப்போது கையில் இருக்கும் 6-ஐத் திருப்ப முடியுமா என்றால், என் அபிப்பிராயம், விட்டுவிடுங்கள். மின்வணிகத்துக்கான 2020-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு விதிகள்படி, பொருள் குறைபாடுள்ளதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்னபடி இல்லாமலோ வந்தால் விற்பவர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்க முடியாது. அளவு எனக்குச் சேரவில்லை என்பது அதில் தானாக வராது, அது அந்தந்தக் கடையின் திருப்பும் நிபந்தனையைப் பொறுத்தது. பத்து நாள் நடந்து, ரத்தமும் பட்ட ஷூவை யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த இன்னொரு கம்பெனியின் 5 கதை வேறு. அது புதிதாகவே இருந்து, அட்டவணையில் போட்ட நீளத்துக்கும் உள்ளே அளந்த நீளத்துக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால், ஸ்கேலோடு படம் எடுத்து மகளை எழுதச் சொல்லுங்கள். மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

ஷூவா, செருப்பா

நரம்புச் சோதனையில் தேறிவிட்டால், மேலே சொன்னபடி அளவு பார்த்து வாங்கிய நல்ல நடைப்பயிற்சி ஷூ போதும். தேறாவிட்டால், அல்லது விரல் வளைந்திருந்தால், இந்தப் புண் ஆற நாளானால், கடை ஷூவை நீங்களாக வாங்க வேண்டாம், மருத்துவர் எழுதிக் கொடுக்கிற காலணிதான். பெட்டியில் டயாபடிக் என்று அச்சடித்திருப்பதால் மட்டும் ஒரு ஷூ அப்படி ஆகிவிடாது. உள்ளே ஆழமும் அகலமும், மெத்தென்ற தடித்த இன்சோலும், இறுக்கத்தை மாற்றிக்கொள்ள ஒட்டுப் பட்டையும் இருக்கிறதா என்று பாருங்கள்.

எம்.சி.ஆர். செருப்பு என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், நுண்ணிய காற்றறைகள் உள்ள ரப்பர். தொழுநோயால் உணர்ச்சி போன கால்களுக்காக வேலூர், கரிகிரி பக்கத்து மருத்துவமனைகளில் பல வருடங்களாகப் புழங்கியது, இப்போது சர்க்கரைக் கால்களுக்கும் அதைத்தான் தருகிறோம். இரண்டு நோயிலும் பிரச்சினை ஒன்றுதான், கால் வலியைச் சொல்வதில்லை. பின்பட்டை வைத்த எம்.சி.ஆர். சாண்டல் கடைக்குள் போட்டுக்கொள்ளவும், ஏன், மெஷின் மிதிக்கவும்கூட நன்றாக இருக்கும். விரலிடுக்கில் வார் போகும் செருப்பு மட்டும் வேண்டாம்.

அடுத்த பௌர்ணமியைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். புண் ஆறாமல் கிரிவலம் கூடாது. ஆறிய பிறகும் வெறுங்காலில் 14 கிலோமீட்டர் உங்கள் காலுக்கு ஆகாது. போயே தீர வேண்டும் என்றால் முதலில் நரம்புச் சோதனை முடிவு வரட்டும், அதைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

அளவெடுத்ததும் இரண்டு காலுக்கும் நீளம், அகலம், சுற்றளவு, மொத்தம் ஆறு எண்கள், அங்குலத்தில் வேண்டாம், மில்லிமீட்டரில் எழுதி எனக்கு ஒரு கார்டு போடுங்கள். மகள் அடுத்த பார்சலுக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் போடுங்கள்.